முதல் தவணை நாளிலும் மடிக்கணினி இயங்க வேண்டும்

கல்லூரிச் சேர்க்கைக் காலம் தொடங்கியதும் நடுத்தரக் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்கில் ஒரு புதிய வரி சேர்ந்துவிடுகிறது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், புத்தகங்கள் ஆகியவற்றுக்குக் கீழே 'மடிக்கணினி' என்று எழுதி, எதிரே நாற்பதாயிரமோ எழுபதாயிரமோ குறித்துக்கொள்கிறோம். நகை வாங்கும்போது ஹால்மார்க் பார்க்கிறோம். வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்க்கிறோம். இருசக்கர வாகனத்தைக்கூட ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்கிறோம். மடிக்கணினியை மட்டும் தள்ளுபடி விழுக்காட்டையும் புராசஸரின் பெயரையும் பார்த்து வாங்கிவிடுகிறோம். இவ்வழக்கம் மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதில் குடும்பத்தின் பணம் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையெனில் நியாயமான விலையில் கணினி வாங்கும் செலவையும் கடனில் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. கடனைத் திருப்பிச் செலுத்துவது பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் கழிந்த பின்னரே தொடங்குகிறது. நான்காண்டுப் படிப்பு என்றால் ஐந்தாண்டுகள். 60,000 ரூபாய்க்குக் கணினி வாங்கி, அதற்கு ஆண்டுக்கு 9 விழுக்காடு தனிவட்டி என்று கொள்வோம். வட்டி மானியம் இல்லாமலும், இடையில் வட்டி கட்டப்படாமலும் இருந்தால், முதல் தவணை கட்டும் நாளில் அக்கணினியின் பெயரில் 27,000 ரூபாய் வட்டி சேர்ந்திருக்கும். அன்றும் கணினி இயங்கிக்கொண்டிருந்தால் கடனுக்குப் பொருள் உண்டு. மூன்றாம் ஆண்டிலேயே கீல் முறிந்து, பேட்டரி வீங்கி, பரணில் ஏறிவிட்டால், இல்லாத பொருளுக்குத் தவணை கட்டும் நிலை வரும். ஆகவே ஒரு மடிக்கணினியை மதிப்பிடச் சரியான கேள்வி, 'எவ்வளவு வேகம்?' என்பதைவிட, 'எத்தனை ஆண்டு?' என்பதே.

பெயரும் பொருளும்

புராசஸரின் பெயர் தரத்துக்குச் சான்று என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. ஏ.எம்.டி. நிறுவனம் 2022ஆம் ஆண்டு அறிவித்த பெயரிடும் முறையை எடுத்துக்கொள்வோம். 'ரைசன் 5 7520யு', 'ரைசன் 5 7530யு', 'ரைசன் 5 7640யு' ஆகிய மூன்றும் பெயரளவில் உடன்பிறப்புகள். முதலாவது 2019இல் அறிமுகமான 'சென் 2' என்னும் வடிவமைப்பைக் கொண்ட நான்கு கோர் புராசஸர். இரண்டாவது 'சென் 3', ஆறு கோர். மூன்றாவது 'சென் 4', ஆறு கோர். வடிவமைப்பின் தலைமுறையைக் காட்டுவது எண்ணின் மூன்றாம் இலக்கம் மட்டுமே. நிறுவனம் இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே அறிவித்திருந்தது. ஆனால் கடையில் 'ரைசன் 5' என்ற ஒட்டியைக் காணும் வாடிக்கையாளர், மூன்றாம் இலக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பதை எவ்வாறு அறிவார்? இன்டெல் நிறுவனத்தின் 'கோர் ஐ5' வரிசையிலும் 12ஆம் தலைமுறையின் 1235யு அடிப்படையாக 15 வாட்டில் இயங்குவது; 12500எச் 45 வாட்டில் இயங்குவது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது, தோளில் மாட்டும் பையையும் பயணப் பெட்டியையும் 'பை' என்றே அழைப்பது போன்றது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடிதம், கணக்குத் தாள், இணையவழி வகுப்பு, வங்கிப் பணிகள் ஆகியவற்றுக்கு அண்மைக்காலத்து நடுத்தரப் புராசஸர் எதுவும் போதும். அன்றாட வேலையில் கணினி தடுமாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் நினைவகப் பற்றாக்குறையே. விண்டோஸ் 11 இயங்குவதற்கு 4 ஜி.பி. ராம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் வரையறுத்திருக்கிறது. அது நுழைவுச்சீட்டு மட்டுமே. அமர இருக்கை கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. ஐந்தாண்டுப் பயன்பாட்டுக்கு வாங்குவோர் 16 ஜி.பி. கேட்பதே முறை. அவ்வளவு இயலாதெனில், 8 ஜி.பி.யுடன் பின்னாளில் கூடுதல் ராம் பொருத்தக் காலி இடம் உள்ளதா என்று கேட்க வேண்டும். இன்றைய மெலிந்த மடிக்கணினிகள் பலவற்றில் ராம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வாங்கிய நாளின் அளவே அதன் ஆயுள் முழுவதற்குமான அளவு.

512 ஜி.பி. சேமிப்பகம் என்று வாங்கினால் திரையில் 476 என்று காட்டுவதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாகச் சிலர் கருதுகின்றனர். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கிலும், விண்டோஸ் 1,024இன் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது, குறை ஏதுமில்லை.

கண்ணும் கையும் செய்யும் சோதனை

மடிக்கணினியின் உள்ளுறுப்புகளை அறியப் படிப்பு வேண்டும். அதன் உடலை அறியக் கண்ணும் கையும் போதும். நடைமுறையில் முதலில் பழுதாகும் உறுப்புகளும் அவைதாம்: கீல், சார்ஜர் துளை, விசைப்பலகை, பேட்டரி. ஆகவே இணையத்தில் வாங்கத் தீர்மானித்தவரும் அதே மாதிரியை ஒருமுறை கடையில் தொட்டுப் பார்ப்பது நலம்.

மூடியைத் திறந்து மூடுக. திரை நடுங்காமல் நிற்கிறதா, திறக்கும்போது கீலின் அருகே உடல் விரிந்து கொடுக்கிறதா என்று கவனிக்க வேண்டும். விலை குறைந்த பல மாதிரிகளில் உலோகக் கீலின் திருகுகள் பிளாஸ்டிக் உடலில் பதிக்கப்பட்டிருக்கும். கீல் இறுக்கமாகவும் உடல் மெலிவாகவும் இருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அத்திருகுகளின் பிடி தளரும். கணினியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கினால் உடல் வளைகிறதா, விசைப்பலகையின் நடுவில் அழுத்தினால் பள்ளம் விழுகிறதா என்பனவும் ஒரு நிமிடச் சோதனைகளே.

திரையைக் கடையின் விளக்கொளியில் மட்டும் பார்த்து முடிவு செய்தல் ஆகாது. திரையின் ஒளி 'நிட்' என்னும் அளவால் குறிக்கப்படுகிறது. குறைந்த விலைக் கணினிகளில் காணப்படும் 250 நிட் திரை, பகலில் சன்னலருகே அமர்ந்து படிப்பவரின் கண்ணைச் சோர்வடையச் செய்யும். 300 நிட்டுக்கு மேல் இருப்பது நன்று. '45 விழுக்காடு என்.டி.எஸ்.சி.' என்று குறிக்கப்பட்ட திரைகளில் நிறங்கள் வெளுத்தே தெரியும். கணக்குப் பதிவுக்கு அது தடையாகாது. வடிவமைப்பு, ஒளிப்படம், கட்டடக்கலை படிக்கும் மாணவருக்கு அது பெருங்குறை.

'இராணுவத் தரம்' என்ற சொல்லுக்கும் விளக்கம் தேவை. எம்.ஐ.எல்-எஸ்.டி.டி-810எச் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வகுத்த சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் எந்தச் சோதனைகளை நடத்துவது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்துகொள்ளலாம். அத்துறை கணினிகளுக்குச் சான்றிதழ் வழங்குவதில்லை. எந்தெந்தச் சோதனைகளில் தேறியது என்று நிறுவனம் பட்டியலிட்டிருந்தால் மட்டுமே அச்சொல்லுக்கு மதிப்பு. அதுபோல, நம் நாட்டில் மடிக்கணினிக்கும் அதன் சார்ஜருக்கும் கட்டாயமாக உள்ள இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரை மின் பாதுகாப்புக்கு உறுதி தருவது. அது இல்லாத சார்ஜரை வாங்கவே கூடாது. ஆனால் நீண்டநாள் உழைக்கும் என்பதற்கு அம்முத்திரை சான்றாகாது.

முதல் வாரமே தேர்வு வாரம்

பொருள் வீட்டுக்கு வந்ததும் நம் கடமை முடிந்ததாக எண்ணுகிறோம். உண்மையில் அன்றுதான் அது தொடங்குகிறது. மாற்றித் தருவதற்கான கெடு சில நாள்களே இருக்கும். அதன் பிறகு பழுது நீக்கும் மையத்தின் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஆகவே உறையைப் பிரிப்பதைக் காணொளியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பெட்டியிலும் கணினியின் அடியிலும் உள்ள வரிசை எண்கள் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். அவ்வெண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டால் உத்தரவாதம் எந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பது தெரியும். விற்பனைச் சீட்டின் தேதிக்கு முன்பே அது ஓடத் தொடங்கியிருந்தால், சீட்டைக் காட்டி உடனே திருத்தக் கோர வேண்டும்.

அடுத்துப் பேட்டரி. அதன் கொள்ளளவு வாட்-மணியில் குறிக்கப்படும். 42 வாட்-மணி கொண்ட பேட்டரி, சராசரியாக 7 வாட் செலவாகும் எளிய பணிகளில் ஆறு மணி நேரம் தாங்கும். 14 வாட் செலவாகும் பணியில் மூன்று மணி நேரமே. 'நாள் முழுவதும்' என்ற விளம்பரச் சொல்லைவிட இந்த வகுத்தல் கணக்கு நம்பகமானது. விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி உள்ளது. வடிவமைக்கப்பட்ட கொள்ளளவு, இப்போது நிறையும் கொள்ளளவு, எத்தனை முறை சார்ஜ் ஆகியது ஆகிய மூன்றையும் அது காட்டும். புதிய கணினியில் முதல் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவும், மூன்றாவது மிகச் சிறிய எண்ணாகவும் இருக்க வேண்டும். பெருத்த எண் காணப்பட்டால் அது முன்பே பயன்பட்ட பொருளாக இருக்கலாம்.

பின்னர், வழக்கமான வேலையை இரண்டு மணி நேரம் இடைவிடாமல் செய்து பாருங்கள். முதலில் சார்ஜரோடும் பிறகு சார்ஜர் இன்றியும். சில கணினிகள் சார்ஜரைக் கழற்றியதும் வேகம் குன்றிவிடும். வெப்பத்தைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் தம் விவரக்குறிப்பில் இயங்கு வெப்பநிலையின் மேல் எல்லையாக 35 டிகிரி செல்சியஸைக் குறிக்கின்றனர். டெல்லியிலும் நாக்பூரிலும் வேலூரிலும் மே மாதப் பகல் 40ஐத் தாண்டுகிறது. மின்விசிறியின் காற்றில் படிக்கும் மாணவரின் கணினி, குளிரூட்டப்பட்ட கடையில் காட்டிய வேகத்தை அந்த அறையிலும் காட்டும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆகவே காற்றுத் துளைகள் அடைபடாத அமைப்பும், தூசியைத் துடைக்க எளிதில் கழற்றக்கூடிய அடிமூடியும் நம் நாட்டுக்கு அடிப்படைத் தேவைகள். உலோக உடலைத் தொடும்போது மெல்லிய அதிர்வு தெரிந்தால், நில இணைப்பு உள்ள மூன்று முனைச் செருகியில் சார்ஜரைப் பொருத்திப் பாருங்கள்; பெரும்பாலும் அது நின்றுவிடும்.

தவணையும் சட்டமும்

'கட்டணமில்லாத் தவணை' என்னும் சலுகையையும் கணக்கோடு அணுக வேண்டும். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என்பதை 2013இலேயே ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. கடன் அட்டையில் 12 மாதத் தவணையாக 60,000 ரூபாய் செலுத்துகிறீர்கள், வட்டி 15 விழுக்காடு என்று கொண்டால், அத்தொகையில் சுமார் 4,600 ரூபாய் வட்டியே. அவ்வளவு தொகையை விற்பவர் விலையில் குறைத்துக்கொள்கிறார். ஆனால் அவ்வட்டியின் மீதான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., சுமார் 830 ரூபாய், நம் கணக்கில்தான் வரும்; செயல்பாட்டுக் கட்டணம் தனி. முழுப் பணம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியோடு இதை ஒப்பிட்ட பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும்.

குறையுள்ள பொருள் வந்து, விற்பவரும் தயாரிப்பாளரும் ஒருவரையொருவர் கைகாட்டினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்குபவர் வசிக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே முறையிட வழி செய்திருக்கிறது. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருப்பின் முறையீட்டுக் கட்டணமும் இல்லை. விற்பனைச் சீட்டும், முதல் வாரத்தில் எடுத்த காணொளியும், பேட்டரி அறிக்கையும் அங்கே நம் பக்கம் பேசும்.

தொழில்நுட்பம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறும்போது நீடித்து உழைக்கும் கணினி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மாணவர் செய்யும் எழுத்துப் பணியும் கணக்குப் பணியும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறுவதில்லை. மென்பொருள் ஆதரவு நின்றுபோவது உண்மைதான்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது, நன்றாக இயங்கிய பல பழைய கணினிகள் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை. எனினும் விண்டோஸ் 10 வெளிவந்தது 2015இல்; இடையே பத்தாண்டுகள் கிடைத்தன. 45,000 ரூபாய்க் கணினி மூன்று ஆண்டில் ஓய்ந்தால் ஆண்டுச் செலவு 15,000. 60,000 ரூபாய்க் கணினி ஆறு ஆண்டு உழைத்து, இடையில் பேட்டரிக்கு 6,000 ரூபாய் செலவானாலும் ஆண்டுக்கு 11,000 மட்டுமே. மலிவானது எது என்பதை விலைச்சீட்டு மட்டும் சொல்லிவிடாது.

எல்லாப் பொறுப்பையும் வாடிக்கையாளர் தலையில் சுமத்துவதும் நியாயமன்று. பிரான்ஸ் நாட்டில் 2021 முதல், மடிக்கணினி எவ்வளவு எளிதில் பழுதுநீக்கத் தக்கது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணாக விற்பனை இடத்திலேயே காட்ட வேண்டும். நம் நாட்டில் 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது, நல்ல தொடக்கம். திரையின் நிட், பேட்டரியின் வாட்-மணி, ராம் மாற்றத் தக்கதா என்ற விவரம், உதிரி பாகங்கள் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்ற உறுதி ஆகிய நான்கையும் பெட்டியின் மேல் அச்சிடுவதைக் கட்டாயமாக்குவதே அடுத்த படியாக இருக்க வேண்டும். அதுவரை, கடையில் அரைமணி நேரமும் வீட்டில் ஒரு வாரமும் நாமே செலவிட்டாக வேண்டும். பல மாதச் சேமிப்பையோ பல ஆண்டுக் கடனையோ இடும் பொருளுக்கு அது அதிகமான நேரமன்று.