ஒரு தகடு 70 கிலோ... கையால் தூக்கலாமா? பட்டறைத் தொழிலாளர்களுக்குப் புதிய சட்டம் சொல்வது என்ன?

காலையில் வேப்பம்பட்டு ரயில் நிலையத்தில் நின்றால், பட்டரவாக்கத்தில் இறங்கி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறவர்களையும், எதிர்த்திசையில் காக்களூர் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்களையும் பார்க்கலாம். வெல்டர், ஃபிட்டர், ஹெல்ப்பர் என ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வேலை செய்பவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. சிறிய பட்டறைகளில் "ரெண்டு பேர் கை கொடுங்கப்பா" என்ற குரல் தினமும் கேட்கும். லாரியிலிருந்து தகடை இறக்க, மெஷின் மேல் ஏற்ற, வெல்டிங்குக்குத் திருப்பிப் போட... பெரும்பாலும் கைதான்.

அந்தத் தகடு எவ்வளவு கனம்? அதைத் தூக்க வரம்பு உண்டா? 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பால் என்ன மாறியது? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு ஷீட் எவ்வளவு எடை?

கணக்கு ரொம்ப சிம்பிள். 1 சதுர மீட்டர் பரப்பும் 1 மி.மீ. கனமும் உள்ள இரும்புத் தகடு 7.85 கிலோ. அப்படியென்றால் 8 அடிக்கு 4 அடி ஷீட், 1 மி.மீ. கனத்தில் சுமார் 23 கிலோ. அதுவே 3 மி.மீ. என்றால் 70 கிலோ. 6 மி.மீ. என்றால் 140 கிலோ.

எவ்வளவு தூக்கலாம்?

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வகுத்த சூத்திரத்தில் உச்ச அளவு 23 கிலோ. அதுவும் சுமை உடலை ஒட்டி, இடுப்பு உயரத்தில், எப்போதாவது ஒருமுறை தூக்கும்போது மட்டும். குனிந்து எடுத்தால் குறையும். உடம்பைத் திருப்பினால் இன்னும் குறையும். 8 அடி ஷீட்டை உடலோடு ஒட்டிப் பிடிக்கவே முடியாது. ஆக, 1 மி.மீ. ஷீட்டே ஒரு ஆளுக்கு அதிகம்தான். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1967-ம் ஆண்டு பரிந்துரை, வயது வந்த ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் கூடாது என்றது. 3 மி.மீ. ஷீட் அதையும் தாண்டுகிறது.

சட்டத்தில் என்ன மாறியது?

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-வது பிரிவு, காயம் ஏற்படுத்தக்கூடிய அளவு கனமான சுமையைத் தூக்க யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று நேரடியாகவே சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு இப்போது 2020-ம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு வந்திருக்கிறது. காயமோ தொழில்சார் நோயோ உண்டாக்கும் ஆபத்து இல்லாத பணியிடத்தைத் தருவது முதலாளியின் கடமை என்கிறது அதன் 6-வது பிரிவு.

கவனிக்க வேண்டிய மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தாலே முன்பு அது 'தொழிற்சாலை'. இப்போது 20 பேர் வேண்டும். 12 பேர் வேலை செய்யும் பட்டறை இனி தொழிற்சாலைக்கான தனி விதிகளுக்குள் வராது. ஆனால் 10 பேருக்கு மேல் இருப்பதால் 'நிறுவனம்' என்ற வரையறைக்குள் வரும். 6-வது பிரிவின் கடமை அதற்கும் உண்டு. 10 பேருக்குக் குறைவான சாதாரணப் பட்டறைகள் பெரும்பாலும் வெளியே நின்றுவிடுகின்றன. கையால் தூக்குவது அதிகம் நடப்பதும் இந்த மாதிரி சின்ன இடங்களில்தான்.

என்னென்ன கருவிகள் இருக்கு?

செயின் பிளாக்: கையால் சங்கிலியை இழுத்தால் சுமை மேலே ஏறும். மின்சாரம் வேண்டாம். சில ஆயிரம் ரூபாயிலேயே கிடைக்கும்.

ஜிப் கிரேன்: ஒரு தூணும் சுழலும் கையும். ஒரே மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்த ஏற்றது.

வாக்யூம் லிஃப்டர்: ரப்பர் கப்புக்குள் இருக்கும் காற்றை பம்ப் உறிஞ்சிவிடும். வெளிக்காற்றின் அழுத்தம் தகடைக் கப்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

மேக்னட் லிஃப்டர்: லீவரைத் திருப்பினால் காந்தம் தகடைப் பிடிக்கும்.

கருவி வந்தால் ஆபத்து போய்விடுமா?

போகாது. தகடில் எண்ணெயோ துருவோ இருந்தால் வாக்யூம் கப் பிடியை விட்டுவிடலாம். துரு, பெயின்ட் இருந்தாலும், தகடு மெலிதாக இருந்தாலும் காந்தத்தின் பிடி குறையும். சில நேரம் அடியில் இருக்கும் ஷீட்டும் ஒட்டிக்கொண்டு வந்து பாதி வழியில் விழும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அதை நம்பித் தூக்க முடியாது. எந்தக் கருவியாக இருந்தாலும் தொங்கும் சுமைக்குக் கீழே ஆள் நிற்கக் கூடாது.

தூக்கும் கருவி மீது எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும், 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதி பெற்ற நபர் பரிசோதிக்க வேண்டும் என்பது 1948 சட்டத்தின் 29-வது பிரிவு வகுத்த முறை. சிறிய பட்டறையும் இதை விடாமல் பின்பற்றுவதே பாதுகாப்பு.

பிறகு ஏன் பயன்படுத்துவதில்லை?

விலை மட்டும் காரணம் இல்லை. வாடகை ஷெட்டின் கூரைச் சட்டம் கூரையைத் தாங்கத்தான் போடப்பட்டது. அதில் செயின் பிளாக்கை மாட்டினால் சட்டமே வளையலாம். தூண் நட ஷெட் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். இதற்குச் சக்கரம் வைத்த கேன்ட்ரி ஒரு வழி. தரை மட்டும் சமமாக இருந்தால் போதும்.

அடுத்த காரணம் நேரம். நாலு பேர் சேர்ந்து ஒரு நிமிடத்தில் தூக்கிப் போடுவதை, செயின் பிளாக்கில் கட்டி ஏற்ற ஐந்து நிமிடம் ஆகலாம். கிலோவுக்கு இவ்வளவு என்று ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைக்கு அந்த நாலு நிமிடம் நஷ்டமாகத் தெரியும். ஆனால் முதுகு போன ஹெல்ப்பரின் நஷ்டம் பட்டறைக் கணக்கில் ஏறுவதில்லை. மறுநாள் வேறு ஆள் வந்துவிடுவார்.

தகடு விழுந்து கால் நசுங்கினால் அது விபத்து. இஎஸ்ஐ பதிவு இருந்தால் தற்காலிக ஊனப் பலனாக ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். பத்து வருடம் தூக்கித் தூக்கி வந்த முதுகுவலிக்கு விபத்துத் தேதி என்று எதைப் போடுவது? அதை வேலையால் வந்தது என்று நிரூபிப்பதே பெரும்பாடு.

தொழிலாளி என்ன செய்யலாம்?

புதிய தொகுப்பின் 14-வது பிரிவுப்படி, பாதுகாப்பு பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்க உரிமை உண்டு. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான அச்சம் இருந்தால் முதலாளியிடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்தான் தொழிற்சாலைகளைக் கண்காணிக்கும் துறை. முதுகு, தோள்பட்டை வலி வந்தால் மருத்துவரிடம் என்ன வேலை, எவ்வளவு எடை தூக்குகிறீர்கள் என்பதைச் சொல்லி, சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறை நடத்துபவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 8-க்கு 4 ஷீட்டுக்கு மி.மீ. கணக்கில் எடை எழுதிய ஒரு அட்டையை ரேக் பக்கத்தில் மாட்டலாம். 'கையால் தூக்காதே' என்ற கோடு எந்த கனத்திலிருந்து தொடங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.