கருவுற்ற தாயும் அம்மைக் காய்ச்சலும்

லயத்தில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சிவந்து தடித்தால் வாசலில் வேப்பிலை கட்டுகிறோம். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் கருவுற்ற தாய் இருக்கிறாளா என்று யார் கேட்கிறோம்?

ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை பிள்ளைகளுக்குச் சிறு நோய். சில நாட்களில் தணிந்துவிடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய்க்குத் தொற்றினாலோ, சிசுவின் கண்ணையும் காதையும் இருதயத்தையும் கெடுத்துவிடக் கூடும். 1941-ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இதனை எடுத்துக் காட்டினார்.

நம் நாட்டில் 1988 முதல் பள்ளி மாணவியருக்குத் தடுப்பூசி வந்தது. 2002 முதல் குழந்தைகளுக்கும் போடப்படுகிறது. போடாதவரும் உண்டு. கர்ப்ப காலத்தில் இவ்வூசி ஆகாது. முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். நோயாளியுடன் பழகிவிட்ட கர்ப்பிணி உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். எதிர்ப்புச் சக்தி உண்டா என்பதை இரத்தப் பரிசோதனை காட்டும்.

ஆனால் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடுமே என்று அஞ்சி வாய் திறவாத தாய்மார்கள் உண்டு. செக்ரோல் எழுதும் நாம் இதை அறிவோம். அந்த ஒரு நாள் கூலியை நிர்வாகங்கள் பிடிக்கலாகாது. இது நம் கோரிக்கை. தாய்மார்களே, மறைக்காதீர்கள்! ஒரு நாள் கூலியைக் கேட்டு வாங்கலாம். பிள்ளையின் கண்ணை எங்கே வாங்குவது?