நிலநடுக்க வரைபடத்துக்குப் பரீட்சை வைப்பது எப்படி?

1993 செப்டம்பர் 30, அதிகாலை 4 மணிக்குச் சற்று முன். மகாராஷ்டிராவின் கில்லாரி பகுதியில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தன. பல ஆயிரம் பேர் இறந்தார்கள். அன்றைய நில அதிர்வு வரைபடத்தில் அந்தப் பகுதி இருந்தது மண்டலம் 1-ல். அதாவது, நாட்டிலேயே ஆபத்து மிகக் குறைந்த இடம்! 2002-ல் அந்த மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள். சென்னை 2-லிருந்து 3-க்கு ஏறியதும் அப்போதுதான்.

வரைபடம் சரியா, தப்பா என்று தெரிய இன்னொரு கில்லாரி வரும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். பழைய அதிர்வுகளை வைத்தே சோதிக்கலாம்.

இன்றைய வரைபடங்கள் பல, ‘இந்த அளவைத் தாண்டி நிலம் குலுங்க 50 ஆண்டில் 10% வாய்ப்பு’ என்ற கணக்கில் வரையப்படுகின்றன. ஒரே ஊரில் அளவு தாண்டியதால் மட்டும் கணக்கு தப்பாகிவிடாது. பல ஊர்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 475 ஆண்டு கவனித்தால், சுமார் 63% இடங்களில் ஒருமுறையாவது அளவு தாண்டியிருக்க வேண்டும்.

அவ்வளவு காலத்துக்குக் கருவிப் பதிவு ஏது? இருப்பது பழைய செய்தித்தாள், கடிதம், அரசு அறிக்கைதான். பாத்திரம் உருண்டதா, சுவர் விரிந்ததா, புகைபோக்கி விழுந்ததா என்று தேடி, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தீவிர எண் கொடுக்கிறார்கள்.

கலிபோர்னியாவில் 162 ஆண்டுப் பதிவுகளை இப்படி மறுபடி படித்தபோது, வரைபடம் சொன்னதைவிட நிஜக் குலுக்கல் குறைவாகத் தெரிந்தது. ஜப்பான், இத்தாலி, பிரான்ஸ், நேபாளத்திலும் அதே கதை.

அப்போ கட்டட விதிகளைத் தளர்த்திச் செலவைக் குறைக்கலாமே? அங்கேதான் சிக்கல். வரைபடம் பேசுவது நிலத்தின் முடுக்கத்தை; பழைய பதிவு பேசுவது சேதத்தை. இரண்டையும் ஒப்பிட நடுவில் ஒரு மாற்றுச் சமன்பாடு வேண்டும். 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, வரைபடங்களைவிட அந்தச் சமன்பாட்டின் மீதும் பழைய பதிவுகளின் சாய்வு மீதும்தான் சந்தேகம் கொள்கிறது. ஆகவே, தளர்த்த இது ஆதாரம் ஆகாது.

இந்தியாவுக்கும் இப்படியொரு தொகுப்பு உண்டு. 1636 முதல் 2009 வரை 570 நிலநடுக்கங்கள், 8,000-க்கும் மேற்பட்ட ஊர்க் குறிப்புகள். 1900-ல் கோவைப் பகுதியை ஆட்டிய நிலநடுக்கம் போன்றவற்றை இன்று அறிவது இந்த மாதிரிக் குறிப்புகளால்தான். ஆனால், எழுதிவைக்க ஆள் இல்லாத கிராமங்கள் எவ்வளவு ஆடினாலும் இதில் ஏறியிருக்காது. புது வரைபடம் வரும்போதெல்லாம், பழைய சேதத்தோடு அது எங்கே ஒத்துப்போகிறது, எங்கே உதைக்கிறது என்ற கணக்கையும் கூடவே வெளியிட வேண்டும். வீட்டுக் கடன் வாங்கி பிளாட் தேடுபவருக்கு மண்டல எண்ணை மட்டும் கொடுத்தால் போதாது.