'சோல்டு பை' வரியைப் படிச்சிருக்கீங்களா? ஆன்லைனில் போலி வந்தால் யார் பொறுப்பு?

சென்னை பர்மா பஜாரில் ஒரு ஹெட்செட்டைக் கையில் எடுத்தால், முதல் கேள்வியே "அண்ணா, இது ஒரிஜினலா, காப்பியா?" என்பதுதான். காப்பி என்றால் அதற்கேற்ற விலை. தெரிந்தே வாங்குகிறோம். ஆப்பில் அப்படி யாரிடமும் கேட்க முடியாது. "அவ்ளோ பெரிய கம்பெனி, ஏமாத்தவா போறாங்க?" என்ற நம்பிக்கையில் ஒரிஜினல் விலையைக் கட்டிவிட்டுக் காத்திருக்கிறோம். பார்சலைப் பிரித்தால், பிராண்ட் பெயரிலேயே எழுத்துப்பிழை!

இப்போது பணத்தை யாரிடம் கேட்பது?

கடைக்காரர் யார்?

ஆப்பில் விலைக்குப் பக்கத்திலோ கீழேயோ 'சோல்டு பை' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். நாம் பொருள் வாங்குவது அந்த வரியில் உள்ளவரிடம்தான். ஆப் நிறுவனம் சந்தைக்கு இடம் கொடுப்பவர் மட்டுமே. அந்நிய முதலீடு பெற்ற இ-காமர்ஸ் நிறுவனங்கள், தாங்களே சரக்கு வாங்கி வைத்து மக்களுக்கு நேரடியாக விற்பதை இந்திய விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதனால் அவை 'இடைத்தரகர்' என்ற நிலையில் இயங்குகின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு, சில நிபந்தனைகளோடு இடைத்தரகர்களுக்குப் பாதுகாப்பும் தருகிறது.

ஸ்டார் ரேட்டிங்கிலும் இதே சிக்கல்தான். பல தளங்களில் ஒரே பொருளின் பக்கத்தில் பல விற்பனையாளர்கள் சேர்ந்துகொள்ளலாம். ரிவ்யூக்கள் அந்தப் பக்கத்துக்கு உரியவை. நல்ல சரக்கு அனுப்பியவர் சம்பாதித்த 4.5 ஸ்டாரைப் பார்த்து நீங்கள் ஆர்டர் போடுவீர்கள். உங்களுக்கு அனுப்புபவர் வேறொருவராக இருக்கலாம். காசு வாங்கிக்கொண்டு எழுதப்படும் ரிவ்யூக்கள் தனிக்கதை. இதற்காக இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். 2022 நவம்பரில் ஒரு தர நெறிமுறையை வெளியிட்டது. ஆனால், அதைப் பின்பற்றுவது கட்டாயமாக்கப்படவில்லை.

2,265 குக்கர்கள் சொல்லும் கணக்கு

பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். அதற்குப் பிறகும் தரச்சான்று இல்லாத 2,265 குக்கர்கள் அமேசான் தளம் வழியாக விற்பனையானதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கண்டறிந்தது. வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லி, குக்கர்களைத் திரும்பப் பெற்று, பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்ட்டில் உத்தரவிட்டது. கூடவே 1 லட்சம் ரூபாய் அபராதம். அந்த விற்பனையில் அமேசானுக்குக் கிடைத்த கட்டணமோ சுமார் 6.14 லட்சம் ரூபாய்! 598 குக்கர்களுக்காக ஃபிளிப்கார்ட்டுக்கும் இதேபோல உத்தரவும் 1 லட்சம் அபராதமும் வந்தன. உத்தரவை எதிர்த்து அமேசான் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

இந்த குக்கர்கள் பிராண்ட் பெயரைத் திருடிய போலிகள் என்று சொல்லப்படவில்லை; கட்டாயத் தரச்சான்று இல்லாதவை. ஆனால் அடுப்பில் வைப்பவருக்கு இரண்டும் ஒரே ஆபத்துதான்.

2025 மார்ச்சில் டெல்லியில் உள்ள அமேசான் கிடங்கில் பி.ஐ.எஸ். அதிகாரிகள் சோதனை நடத்தினார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத, அல்லது போலி முத்திரை ஒட்டிய 3,500-க்கும் மேற்பட்ட பொருட்கள் சிக்கின. மதிப்பு சுமார் 70 லட்சம் ரூபாய். ஃபிளிப்கார்ட்டின் துணை நிறுவனக் கிடங்கில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரிப்புத் தேதியும் இல்லாத 590 ஜோடி ஸ்போர்ட்ஸ் ஷூக்கள் பறிமுதல் ஆகின. நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக் கிடங்குகளிலும் அதே மாதம் சோதனை நடந்தது.

விதியில் இருக்கும் ஓட்டை

2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் நமக்குச் சில உரிமைகளைத் தருகின்றன. விற்பவரின் பெயர், முகவரி போன்ற விவரங்களைத் தளம் காட்ட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போலியான பொருளைத் திரும்பப் பெறவோ, பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது.

ஆனால் அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. வர்த்தக முத்திரைச் சட்டம் போன்றவற்றின் கீழ் நீக்கப்பட்ட பொருட்களைத் திரும்பத் திரும்ப விற்கும் விற்பனையாளர்களின் விவரங்களைத் தளம் பதிவு செய்துவைக்க முயல வேண்டும். சரி, அவர்களை வெளியே அனுப்ப வேண்டுமா? கட்டாயமில்லை, விரும்பினால் செய்யலாம் என்கிறது விதி!

விற்பவர் தவறினால் தளமே பொறுப்பேற்க வேண்டும் என்ற யோசனையை 2021 ஜூனில் வெளியான வரைவுத் திருத்தத்தில் மத்திய அரசு முன்வைத்தது. அது விதியாக மாறவில்லை. "சின்ன விற்பனையாளர்கள் லட்சக்கணக்கில் இருக்காங்க, ஒவ்வொரு பெட்டியையும் பிரிச்சுப் பார்க்க முடியுமா?" என்று தளங்களின் தரப்பில் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், விளம்பரம் செய்வது, கிடங்கில் வைப்பது, பேக் செய்வது, பணம் வாங்குவது எல்லாவற்றையும் தளமே செய்யும்போது, பொறுப்பு மட்டும் விற்பவருடையது என்பது எப்படிச் சரியாகும்?

நீங்கள் என்ன செய்யலாம்?

* ஆர்டர் போடும் முன் 'சோல்டு பை' பெயரைத் தொட்டு, அந்த விற்பனையாளரின் ரேட்டிங்கைத் தனியாகப் பாருங்கள். பிராண்டின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியல் இருந்தால் ஒப்பிடுங்கள்.
* குக்கர், மிக்ஸி, பொம்மை, சார்ஜர் போன்றவற்றில் பி.ஐ.எஸ். முத்திரையோடு இருக்கும் உரிம எண் அல்லது பதிவு எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் போட்டுப் பாருங்கள். எண் வராவிட்டாலோ, வேறு நிறுவனத்தின் பெயர் வந்தாலோ பயன்படுத்த வேண்டாம்.
* விலை உயர்ந்த பொருள் என்றால், பார்சலின் லேபிள் தெரியும்படி வைத்து, பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.
* கஸ்டமர் கேரிடம் போனில் பேசியதோடு விடாதீர்கள். தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்பி, புகார் எண் வாங்குங்கள்.
* பதில் சரியில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.
* அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே பதியலாம்.

"300 ரூபாய் சார்ஜருக்கா இவ்ளோ அலையறது?" என்று நாம் விட்டுவிடும்போது, அதே சார்ஜர் அதே பக்கத்தில் அடுத்தவருக்கு விற்பனையாகும். ரீஃபண்ட் கிடைத்தாலும்கூட, ரிவ்யூவில் விற்பவர் பெயரோடு நடந்ததை எழுதிவிடுங்கள். அந்த மலிவு சார்ஜரை இரவெல்லாம் தலைமாட்டில் வைத்துத் தூங்கப் போகிற இன்னொருவர், ஆர்டர் போடும் முன் படிப்பது அதைத்தான்.