பாடசாலை இணையத்தளம்: எதில் செய்வது என்பதை விட, யார் நடத்துவது?



பாடசாலைக்கு இணையத்தளம் ஒன்று அமைக்க வேண்டும் என்று பழைய மாணவர் சங்கம் முடிவெடுத்திருப்பது மகிழ்ச்சி. ஆனால் ட்ரீம்வீவரில் செய்வதா, வேர்ட்பிரஸில் செய்வதா என்று வட்ஸ்அப் குழுமத்தில் நடக்கும் விவாதம் பெற்றோர் பலருக்கு விளங்கவில்லை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிப்பிக்கிறவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

ட்ரீம்வீவர் 1997இல் வெளிவந்த வடிவமைப்பு மென்பொருள். ஒருவர் தன் கணினியில் ஒவ்வொரு பக்கத்தையும் செய்து சேவையகத்தில் ஏற்றுவார். நினைத்தபடி அழகாக அமைக்கலாம், பக்கங்களும் வேகமாகத் திறக்கும். ஆனால் தவணைப் பரீட்சைத் திகதி மாறினாலும் அந்த ஒருவரைத்தான் தேட வேண்டும். அவர் கம்பஸுக்கோ கட்டாருக்கோ போய்விட்டால் தளம் அப்படியே நின்றுவிடும். மாதாமாதம் சந்தா வேறு கட்ட வேண்டும்.

வேர்ட்பிரஸ் 2003இல் வந்த உள்ளடக்க முகாமைத்துவ முறைமை. மென்பொருள் இலவசம். எழுதுவது தரவுத்தளத்தில் இருக்கும், தோற்றம் தனியாக இருக்கும். அதனால் எச்.டி.எம்.எல். தெரியாத ஆசிரியை ஒருவரும் கைபேசியிலிருந்தே அறிவித்தல் போடலாம். முக்கியமாக, பொறுப்புகளைப் பிரித்துக் கொடுக்கலாம். மாணவர் எழுதுவார், ஆனால் அவரால் வெளியிட முடியாது. பொறுப்பாசிரியர் பார்த்துத் திருத்தி வெளியிடுவார். பாடசாலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஆகவே என் வாக்கு வேர்ட்பிரஸுக்கு.

அதற்கும் தொல்லை உண்டு. காலத்துக்குக் காலம் புதுப்பிக்காவிட்டால், கண்ட கண்ட செருகுநிரல்களைப் போட்டால், ஊடுருவிகள் புகுந்துவிடுவார்கள். பாடசாலையின் பெயரில் சூதாட்ட விளம்பரம் வந்தால் யார் பதில் சொல்வது? எனவே பிரதி எடுத்து வைப்பதும் புதுப்பிப்பதும் ஒருவரின் எழுதப்பட்ட கடமையாக இருக்க வேண்டும்.

எதைத் தெரிவு செய்தாலும் மூன்று விடயங்களில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

1. தளத்தின் முகவரி பாடசாலையின் அல்லது சங்கத்தின் பெயரில் பதிவாக வேண்டும். செய்து தரும் தம்பியின் சொந்த மின்னஞ்சலில் அல்ல. வருடாந்தக் கட்டணத்துக்கும் இப்போதே பணம் ஒதுக்க வேண்டும்.

2. நிர்வாகக் கடவுச்சொல் குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும். அது அமானிதம். பதவி மாறும்போது பாடசாலைச் சாவியைப் போலக் கையளிக்க வேண்டும்.

3. தமிழை யூனிகோடில் தட்டச்சு செய்ய வேண்டும். பாமினியில் அடித்ததை அப்படியே ஏற்றினால் வாசிப்பவருக்கு ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும், கூகுளிலும் அகப்படாது. கடிதத்தைப் படம் பிடித்துப் போடுவதும் போதாது. பார்வை குறைந்தவரின் கைபேசி அதை வாசித்துக் காட்டுவது கடினம்.

வேர்ட்பிரஸ் வந்தால் பிள்ளைகள் எச்.டி.எம்.எல். படிக்கத் தேவையில்லையா என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். கட்டாயம் படிக்க வேண்டும். பரீட்சைக்கும் வேண்டும், தொழிலுக்கும் வேண்டும். ஆனால் அவர்கள் பழகுவதற்கு வகுப்பறைக் கணினி இருக்கிறது. பாடசாலையின் தளம், முதலாம் தரத்துக்கு அனுமதி விண்ணப்பம் தேடி வரும் ஒரு தாய்க்குச் சரியான திகதியைச் சொல்ல வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் மென்பொருளின் பெயரைத் தீர்மானிக்க முன்னர், திறப்பு விழா முடிந்து மூன்று வருடத்தின் பின் அதை யார் நடத்துவார் என்று தீர்மானியுங்கள். அந்த இரண்டு பெயர்களும் கூட்ட அறிக்கையில் இருந்தால் மீதி வேலை இலேசு, இன்ஷா அல்லாஹ்.