குழாயில் கேஸ் வராத ஊரில் எதை நம்பி அடுப்பு மூட்டுவது?



லண்டனில் வாழும் நம் பிள்ளைகள் வாடகைக்கு வீடு பார்க்கும்போது, "கேஸ் குழாய் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். குழாய் இருந்தால் அடுப்பு எரியும், குளிக்க வெந்நீர் வரும், குளிர்காலத்தில் அறையும் சூடாகும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் வேறு வழி தேட வேண்டும்.

நம் திருகோணமலையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஊர் முழுவதற்கும் குழாய் வழியாகக் கேஸ் தரும் ஏற்பாடு இலங்கையில் எங்கும் கிடையாது. அறையைச் சூடாக்கும் கவலையும் நமக்கில்லை. ஆனால் சோறு ஆக்க வேண்டும். சஹர் நேரத்தில் கறியைச் சுட வைக்க வேண்டும். மாரி மழையில் கைக்குழந்தைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வயதான உம்மம்மாவுக்கும் வெந்நீர் வேண்டும். கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் அல்லாஹ் வெந்நீரை வைத்திருக்கிறான். அதை நம் குளியலறைக்குக் கொண்டுவர முடியாதே!

ஆகவே விறகா, மண்ணெண்ணெயா, சிலிண்டரா, கரண்டா, வெயிலா என்று தெரிவு செய்யும் பொறுப்பு நம்முடையது. பணம் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் ஆண்கள். தினம் மூன்று வேளை மூட்டுவதும் ஊதுவதும் துடைப்பதும் நாம். எனவே இந்தத் தெரிவில் நம் பேச்சும் இருக்க வேண்டாமா?

மறக்கக்கூடாத ஆண்டு

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. டொலர் கட்டப் பணமில்லாமல் கேஸ் கப்பல்கள் கொழும்புக் கடலில் காத்து நின்றன. சரி, கரண்ட் அடுப்புக்கு மாறுவோம் என்றால், மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்குப் போனால், போத்தலும் கேனும் கையுமாக நீண்ட வரிசை. மீன்பிடிப் படகுகளுக்கும் அதே மண்ணெண்ணெய்தான் வேண்டியிருந்தது. லீற்றர் 87 ரூபாவாக இருந்தது அந்த ஓகஸ்டில் 340 ரூபாவாகியது.

சீனக்குடாவைப் பாருங்கள். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் அங்கே நிற்கின்றன. அவற்றுடன் இருந்த ஒன்று 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் அழிந்தது என்பது ஊரறிந்த வரலாறு. உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம் வாசலில் இருக்கிறது. இருந்தும் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு நாம் வரிசையில் நின்றோம். பக்கத்தில் தாங்கி இருப்பது வேறு, வீட்டு அடுப்பில் நெருப்பு இருப்பது வேறு.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுதான். ஒரே இடத்திலிருந்து வரும் எரிபொருளை மட்டும் நம்பி வீடு நடத்தக் கூடாது. இரண்டு வழிகள் வேண்டும். அந்த இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

வீட்டில் ரைஸ் குக்கரும் இன்டக்‌ஷன் அடுப்பும் இருப்பதால் இரண்டு வழி இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கரண்ட் போனால் இரண்டும் ஒன்றாகவே போகும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கரண்ட் நின்றதே, அன்று அப்படித்தான் ஆனது. கேஸும் மண்ணெண்ணெயும் வெவ்வேறாகத் தெரிந்தாலும், நாட்டிடம் டொலர் இல்லாதபோது இரண்டும் சேர்ந்தே மறையும். விறகும் வெயிலும் மட்டுமே கப்பலில் வராதவை.

ஒவ்வொன்றின் குணம்

விறகைக் கேவலமாக நினைக்க வேண்டாம். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டில் பத்து வீடுகளில் ஏழுக்கும் மேற்பட்டவை விறகில்தான் சமைத்தன. விறகின் குறை புகை. மூடிய குசினியில் அந்தப் புகையை அதிகம் விழுங்குபவர்கள் அடுப்படியில் நிற்கும் தாயும் அவளது இடுப்பில் இருக்கும் பிள்ளையும்தான். விறகு எரிப்பதானால் வெளிக்குசினியிலோ புகைபோக்கியுள்ள குசினியிலோ எரியுங்கள். 'அனகி' என்ற மண் அடுப்பு நம் நாட்டிலேயே உருவானது. ஒரு வாயில் வைக்கும் விறகில் இரண்டு பாத்திரம் கொதிக்கும். மூன்று கல் அடுப்பைவிட விறகு குறைவாகச் செல்லும்.

சிலிண்டர் சுத்தமானது, வேகமானது. ஆனால் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தண்ணீர்போலத் தேங்கும். ஆகவே மேல் ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, கதவையும் திறக்க வேண்டும். மணம் வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சிறு பொறி போதும். சிலிண்டரை மூடி, பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். கசிவைச் சவர்க்கார நுரையால் சோதியுங்கள், நெருப்புக்குச்சியால் அல்ல. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்தன. சிலிண்டருக்குள் இருந்த புரொபேன், பியூட்டேன் கலவையின் அளவு மாற்றப்பட்டதே காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு கூறியது. புரொபேன் கூடினால் உள்ளே அமுக்கமும் கூடும். பழைய குழாயும் தேய்ந்த ரெகுலேட்டரும் அதைத் தாங்காது. குழாயில் வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். அதில் மிச்சம் பிடிப்பது மிச்சம் அல்ல.

கரண்ட் அடுப்பில் புகை இல்லை, நெருப்பும் இல்லை. ஆனால் 2,000 வாட்ஸ் இன்டக்‌ஷன் அடுப்பு ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளின் 5 அம்பியர் பொயின்டில் அதைச் சொருகினால் சுவருக்குள் வயர் உருகும். அடுப்பு வாங்குமுன் வயரிங் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அமத்தியும் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

எது மலிவு? விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால், கணக்குப் போடும் வழியைச் சொல்கிறேன். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் சமையலை இன்டக்‌ஷன் அடுப்பில் செய்ய ஏறத்தாழ 100 அலகு கரண்ட் செல்லும். உங்கள் கரண்ட் பில்லில் கடைசிப் படியில் ஓர் அலகுக்கு என்ன விலை என்று பாருங்கள். அதை நூறால் பெருக்கி, சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். எது குறைவோ அது உங்கள் அன்றாட அடுப்பு. ஒன்றைக் கவனியுங்கள்: 60 அலகைத் தாண்டும் வீட்டுக்குக் கட்டண வீதமே வேறாகிவிடும். சிறிய பில் வரும் வீடு கரண்ட் அடுப்புக்கு மாறினால், அடுப்புக்கு மட்டுமல்ல, லைட்டுக்கும் ஃபேனுக்கும் சேர்த்துக் கூடக் கட்ட நேரும்.

வெந்நீருக்கு ஹீட்டர் வேண்டுமா?

பல வீடுகளில் இதற்குத்தான் வீண் செலவு. நம் ஊர்த் தண்ணீர் ஏற்கெனவே 28 பாகை அளவில் இருக்கிறது. குளிக்க 39 பாகை போதும். 1.7 லீற்றர் கெட்டில் ஒன்றைக் கொதிக்க வைத்து 9 லீற்றர் பச்சைத் தண்ணீருடன் கலந்தால் அந்தச் சூடு வந்துவிடும். செலவு ஓர் அலகின் ஆறில் ஒரு பங்கு அளவுதான். கைக்குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் மட்டும் வெந்நீர் வேண்டும் வீட்டுக்கு இதுவே போதும். குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கூட்டுங்கள். முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, பிறகுதான் கொதிநீரை ஊற்ற வேண்டும். முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். கொதிநீர்ப் பாத்திரத்துடன் பிள்ளைகள் ஓடும் வழியில் நடக்கவே கூடாது.

வாளிக்குள் போடும் மின்சாரக் கம்பி மலிவு, ஆனால் ஆபத்து. சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகே தண்ணீரில் கை வையுங்கள். உலோக வாளியில் போடவே வேண்டாம். குளியலறைச் சுவரில் பொருத்தும் உடனடி ஹீட்டர் 3,500 வாட்ஸுக்குக் குறையாது; அதற்குப் பிரதான பெட்டியிலிருந்து தனி வயர் வேண்டும். கேஸில் எரியும் ஹீட்டரை மூடிய குளியலறைக்குள் பொருத்தவே கூடாது.

வெயிலில் சூடாகும் ஹீட்டருக்குச் செலவு தொடக்கத்தில் மட்டும்தான். சொந்த வீடும் மொட்டை மாடியும் உள்ளவர்களுக்கு நல்லது. இரண்டு விடயங்களை யோசியுங்கள். வெந்நீர் அதிகம் தேவைப்படும் நவம்பர் முதல் ஜனவரி வரையான மாரியில்தான் நமக்கு வெயில் குறைவு. கடலோரக் கிணற்றின் உவர்நீர் குழாயில் படிந்து அடைக்கும். "வெயிலில் சூடான நீர் மக்ரூஹ் அல்லவா?" என்று சில மூத்தம்மாமார் கேட்பார்கள். சூடான நாடுகளில் உலோகப் பாத்திரத்தில் வெயிலால் சூடேறிய நீரைப் பற்றி ஷாஃபிஈ சட்ட நூல்களில் அப்படி ஒரு கருத்து உண்டு. ஆனால் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மஜ்மூஃ' நூலில் மக்ரூஹ் இல்லை என்பதையே வலுவாகக் கொள்கிறார்கள். ஐயம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மழைக் காலத்தில் பிள்ளை பெற்றவளின் அறையைச் சூடாக்க, கதவு ஜன்னலைப் பூட்டிவிட்டுக் கரிச்சட்டி வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. எரியும் கரியிலிருந்து காபன் மொனொக்சைட் என்னும் நச்சு வாயு வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய்விடும். உலர்ந்த போர்வையும் தாயின் உடற்சூடும் நம் ஊர்க் குளிருக்குப் போதும்.

உங்கள் வீட்டுக்கு எது?

முற்றம் உள்ள வீடானால், அன்றாடத்துக்குக் கேஸ் அல்லது கரண்ட். துணைக்கு மண் அடுப்பும் மழை படாமல் அடுக்கிய இரண்டு கிழமை விறகும். உள்துறைமுக வீதிப் பக்கம் போல நெருக்கமான இடத்தில் மாடி வீட்டில் இருப்பவர்கள் விறகு எரிக்க முடியாது. அவர்கள் அன்றாடம் கரண்டில் சமைத்து, ஒரு 5 கிலோ சிலிண்டரைத் துணைக்கு வைக்கலாம். அல்லது மறுபுறமாகச் செய்யலாம். வாடகை வீட்டில் சுவரோடு பொருத்தும் எதிலும் பெரிய பணம் போடாதீர்கள். வீடு மாறும்போது தூக்கிச் செல்லக்கூடியதை வாங்குங்கள்.

துணை அடுப்பை மாதம் ஒருமுறையாவது மூட்டிப் பாருங்கள். பரணில் தூசி படிந்து கிடக்கும் அடுப்பு அவசரத்துக்கு உதவாது. இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டாரோடு உட்கார்ந்து, "நாளைக் காலை இந்த அடுப்பு எரியாவிட்டால் பிள்ளைக்கு எதில் பால் காய்ச்சுவது?" என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். வராவிட்டால் அதைத் தேடும் வேலையை நாளையே தொடங்குங்கள்.