பத்திரம் ஒரு பெயரில், பட்டா ஒரு பெயரில்

கம்பம் பள்ளத்தாக்கில் நிலம் வாங்குகிறவர்கள் யாரும் பத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பார்கள். நிலம் நான்கு சர்வே எண்களில் இருந்தால் நான்குக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள். மூன்று சரியாக இருந்து ஒன்று மட்டும் பழைய சொந்தக்காரர் பெயரில் கிடந்தால், கடன் கொடுக்கிற வங்கி கையை விரித்துவிடும். இவ்வளவு விவரமான ஊரில், இணையத்தில் சொந்தமாக ஒரு சர்வர் வைக்கும்போது மட்டும் பட்டாவை மறந்துவிடுகிறார்கள்!

அந்தப் பட்டாவுக்குப் பெயர்தான் ரிவர்ஸ் டி.என்.எஸ்.

பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்வது டி.என்.எஸ். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு. எண்ணைச் சொன்னால் பெயரைச் சொல்வது அதன் மறுபக்கம்; இதை பி.டி.ஆர். பதிவு என்பார்கள். 203.0.113.12 என்ற முகவரியின் பெயர் தெரிய வேண்டுமானால், அதைத் திருப்பிப் போட்டு 12.113.0.203 என்று எழுதி, பின்னால் இன்-ஆடர்.ஆர்பா என்று சேர்த்துக் கேட்க வேண்டும். ஏன் திருப்ப வேண்டும்? தபால் முகவரியில் வீடு, தெரு, ஊர், மாவட்டம் என்று சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிக்கிறோமே, இணையப் பெயர்களும் அப்படித்தான். ஐ.பி. எண்ணோ மாவட்டத்தை முதலில் சொல்லி வீட்டைக் கடைசியில் சொல்கிறது. அதனால்தான் இந்தத் திருப்பல்.

இப்போது போடியில் ஓர் ஏலக்காய் வியாபார அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏலம் முடிந்ததும் வெளியூர் வியாபாரிகளுக்கு விலைப் பட்டியல் மின்னஞ்சலில் போக வேண்டும். அவர்களது சர்வருக்கு மூன்று ஐ.பி.வி4 முகவரிகளும் ஒரு ஐ.பி.வி6 முகவரியும் இருக்கின்றன. சர்வரை அமைத்தவர் முதல் முகவரிக்கு மட்டும் பி.டி.ஆர். வாங்கிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விட்டார். சிலருக்குப் பட்டியல் போகிறது. ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு அனுப்பினால் திரும்பி வருகிறது. என்ன மாயம் இது?

மாயம் எதுவும் இல்லை. பல முகவரிகள் உள்ள சர்வர், பட்டா உள்ள வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும் என்று சொல்லி வைக்காவிட்டால், தனக்கு வசதியான வாசல் வழியாகப் போகும். எதிர்முனையில் ஐ.பி.வி6 இருந்தால் பெரும்பாலும் அந்த வழியே போய்விடும். அந்த முகவரிக்குப் பெயரே இல்லை. எதிர்முனை யாரென்று தேடிப் பார்க்கிறது, யாரும் இல்லை, கதவைச் சாத்துகிறது. 2024 பிப்ரவரி முதல் தனக்கு அஞ்சல் அனுப்புகிற எல்லோருக்கும் இரு பக்கப் பதிவும் சரியாக இருக்க வேண்டும் என்று ஜிமெயில் விதியே வைத்துவிட்டது.

சரி, பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி? வணிகவியல் படிக்கிறவர்கள் முதல் வருடத்தில் போடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போலத்தான். ரொக்க ஏட்டையும் வங்கி அறிக்கையையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட வேண்டும். முதலில், திரும்பி வந்த அஞ்சலில் எந்த முகவரியிலிருந்து போனது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, சர்வரின் ஒவ்வொரு முகவரிக்கும் என்ன பெயர் வருகிறது என்று தேட வேண்டும். மூன்றாவது, வந்த பெயரை மறுபடி தேடினால் அதே எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான்காவது, அஞ்சல் மென்பொருள் எதிர்முனையிடம் தன்னை என்ன பெயர் சொல்லி அறிமுகப்படுத்துகிறது என்று கவனிக்க வேண்டும். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் கோளாறு. அதன்பின் அஞ்சலை ஒரே வாசல் வழியாக அனுப்பச் சொல்லலாம், அல்லது எல்லா வாசலுக்கும் பெயர் வாங்கலாம். ஒரு முகவரிக்கு நான்கைந்து பெயர் வைப்பது மட்டும் கூடாது. நான்கு பெயரில் நடமாடும் ஆளை ஊரில் யார் நம்புவார்கள்?

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. டொமைன் வாங்கிய இடத்திலேயே பி.டி.ஆர். பதிவையும் எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். வருடக்கணக்கில் காத்திருந்தாலும் பலிக்காது. பெயர் உங்களுடையது, எண் உங்களுடையது அல்ல. எண்கள் ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக், இந்தியப் பதிவகமான ஐரின் ஆகியவற்றின் வழியாக இணைய நிறுவனத்துக்கு வந்து, அங்கிருந்து வாடிக்கையாளருக்கு வாடகைக்கு வருகின்றன. பட்டா எழுதும் பேனா அந்த நிறுவனத்தின் கையில்.

பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. நிலையான முகவரி வேண்டும் என்று கூடுதல் பணம் கட்டி வாங்கிய சிறு அலுவலகம், அதற்கு ஒரு பெயர் வைக்க யாரையெல்லாம் கெஞ்ச வேண்டும்? 256-க்கும் குறைவான முகவரிகளைக்கூட உட்பிரிவு செய்து வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடும் வழி 1998-லேயே ஆர்.எஃப்.சி. 2317-ல் எழுதப்பட்டுவிட்டது. தொழில்நுட்பம் தயாராகத்தான் இருக்கிறது. கொடுக்கும் மனம்தான் வேண்டும்.

பி.டி.ஆர். இருந்தால் மட்டும் ஒருவர் நல்லவராகிவிடுவாரா, குப்பை அஞ்சல் அனுப்புகிறவனும் அதை வாங்கலாமே என்று கேட்கலாம். வாங்கலாம்தான். பட்டா இருப்பவரெல்லாம் யோக்கியர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பட்டா இல்லாவிட்டால் யோக்கியருக்கும் கடன் கிடையாது! பேசாமல் பெரிய நிறுவனத்திடம் அஞ்சல் சேவையை வாங்கிவிட்டால் என்ன என்பது இன்னொரு யோசனை. தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்ட முடிந்தவர்களுக்கு அது சரி. கட்ட முடியாதவர்கள் சொந்தக் காலில் நிற்பதைத் தடுக்க அது காரணமாகிவிடாது.

தமிழ்நாட்டில் உட்பிரிவு தேவைப்படாத நிலங்களுக்குப் பத்திரம் பதிவானதும் பட்டா தானாக மாறும் வசதி வந்துவிட்டது. தாலுகா அலுவலகத்தால் முடிந்தது, கம்ப்யூட்டர் நிறுவனங்களால் முடியாதா? முகவரியை விற்கும் அன்றே, ஒவ்வொரு எண்ணுக்கும் பெயரெழுத ஒரு கட்டத்தையும் கொடுத்துவிட்டால் போதும். அது வரும்வரை, சர்வர் வைத்திருப்பவர்கள் தங்கள் நிலத்தின் எல்லா சர்வே எண்களையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.